போர்டு போகவில்லை, பூட் ஃபைல்தான் பழைய டிஸ்க்கில் இருக்கிறது

முக்கூடல் வட்டாரத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், அடையாளம் தவிர்த்து அதன் சுருக்கம் இது.

கடையில் இருப்பது 2014-ல் வாங்கிய அசெம்பிள் கணினி. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, ஹெச்81 போர்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பத்து வருஷத்துக்கு மேலான கல்யாணப் பத்திரிகைகள், கோயில் கொடை நோட்டீஸ்கள் எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைல்களாக டி டிரைவில் இருக்கின்றன. வேகம் போதவில்லை என்று 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினார். பாலிடெக்னிக்கில் படிக்கும் மாமா பையன் (கடிதத்தில் 'தம்பி' என்பது இவர்தான்), ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார். பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், பிரிண்டர் எல்லாம் அதில் ஏற்றியாயிற்று. நன்றாகவும் ஓடியது.

பிறகு கோளாறு தொடங்கியது. திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்தால் "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று கறுப்புத் திரையில் நிற்கும். தம்பி வந்து பயாஸில் (விண்டோஸ் வருமுன் போர்டு காட்டும் அமைப்புத் திரை) எதையோ மாற்றினால் வாரம் முழுக்க ஓடும். கணினித் தேதி 2014-க்குப் போய்விடுவதால் ஸ்காலர்ஷிப் தளம் திறப்பதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் "டிக் டிக்" என்று சத்தம் வரவே அதைக் கழற்றிப் பார்த்தார்கள். எஸ்எஸ்டி மட்டும் இருந்தபோது விண்டோஸ் வரவே இல்லை. மறுபடி போடலாம் என்று பென்டிரைவை மாட்டினால், 'இந்த டிஸ்க்கில் எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில்தான் போட முடியும்' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி. (எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கைப் பகுதி பிரித்துக் கணக்கு வைக்கும் முறைகள்.) ஒரு வீடியோ, டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில் 'கிளீன்' அடித்தால் சரியாகும் என்கிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டதற்கு, போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும், சிபியுவை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம்.

"அண்ணாச்சி, ஆடிக் கொடை நோட்டீஸ் வேலை தலைக்கு மேல கெடக்கு. கடைக்காரங்க போர்டு போயிட்டுன்னு சொல்லுதாங்க. தம்பி, கிளீன் அடிச்சுட்டுப் புதுசா போட்டுருவோம்ங்கான். நான் யார் பேச்சைக் கேக்க? ரெண்டு டிஸ்க்கையும் ஜிபிடியா மாத்தணுமா? அப்படியே விண்டோஸ் 11 போட்டுரலாமா?"

தங்கச்சி, கிளீன் கட்டளையை இதுவரை யாரும் அடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல காரியம். இனியும் அடிக்க வேண்டாம். விண்டோஸையும் திரும்பப் போட வேண்டாம். எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸ் கெட்டுப்போனதற்கு உங்கள் கடிதத்தில் ஓர் அறிகுறிகூட இல்லை. அதை எழுப்பிவிடும் பூட் ஃபைல்கள் என்ற சின்னஞ்சிறு ஃபைல்கள் மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. புது வீட்டுக்குக் குடிபோயாயிற்று, சாவி மட்டும் பழைய வீட்டு ஆணியில் தொங்குகிறது.

போர்டு போய்விட்டது என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுவோம். பவர் பட்டனை அழுத்தினால் திரையில் கம்பெனி லோகோ வருகிறது. பயாஸ் திறக்கிறது. இரண்டு டிஸ்க்கின் பெயரும் அதில் தெரிகிறது. பென்டிரைவிலிருந்து விண்டோஸ் போடும் திரை வரை போகிறது. இவ்வளவும் நடக்க போர்டு, பிராசஸர், ராம், டிஸ்க் மாட்டும் சாட்டா போர்ட் எல்லாமே வேலை செய்தாக வேண்டும். போன போர்டு திங்கட்கிழமை மட்டும் போகாது. நான்காம் தலைமுறைக்கான புதுப் போர்டும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. பழசைப் புதுப்பித்து விற்பதுதான் கிடைக்கும். அதைவிட்டுப் புதுத் தலைமுறைப் போர்டு வாங்கினால் பிராசஸரும் ராமும் சேர்த்து வாங்க வேண்டும், 6,500-ல் முடியாது. உங்கள் விண்டோஸ் லைசன்ஸும் இந்தப் போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருப்பதால், போர்டு மாறினால் அதுவும் சிக்கலாகலாம்.

கணினி எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் திரையில் வரும் செய்தியே சொல்லிவிடும். லோகோகூட வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் ராமையோ பவரையோ பார்க்க வேண்டும். உங்களுக்கு வரும் "செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்பது, பயாஸ் தேடிப் பார்த்து எழுப்பத் தக்க டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்வது. "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றால் டிஸ்க் கிடைத்துவிட்டது, அதிலுள்ள பூட் ஃபைல்தான் இல்லை. நீலத் திரையில் "இன்அக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்" என்று வந்தால் விண்டோஸ் எழ ஆரம்பித்துவிட்டது, டிஸ்க்கைப் படிக்க முடியாமல் திணறுகிறது. பெரும்பாலும் பயாஸில் சாட்டா மோடு ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஈ-க்கு மாறியிருக்கும், திரும்ப மாற்றினால் போதும். அடுத்த முறை கறுப்புத் திரை வந்தால் உடனே ஆஃப் செய்யாமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி பாதி வேலையைக் குறைக்கும்.

மூன்று கோளாறு, ஒரே திரை

உங்களைக் குழப்பியது என்னவென்றால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று விஷயங்கள் ஒரே சமயத்தில் வந்து ஒன்றுபோலத் தோன்றியதுதான்.

முதலாவது, பூட் ஃபைல் இருக்கும் இடம். விண்டோஸ் போடும்போது கணினியில் ஏற்கெனவே பூட் ஆகிக்கொண்டிருக்கும் இன்னொரு டிஸ்க் இருந்தால், செட்டப் புதிய பூட் பகுதியை உருவாக்காமல் பழைய டிஸ்க்கில் உள்ளதிலேயே தன் பெயரையும் சேர்த்துவிடும். தம்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் போட்டதால் இதுதான் நடந்திருக்கிறது. எஸ்எஸ்டி தனியாக எழாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். தம்பியைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். செட்டப் இதைத் திரையில் எங்குமே சொல்வதில்லை. பல வருஷம் இந்த வேலையில் இருப்பவர்களுக்கும் நேர்வதுதான் இது.

இரண்டாவது, போர்டில் இருக்கும் வட்டமான சிமாஸ் பேட்டரி. கரண்ட் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். மற்ற நாள்களில் விண்டோஸை மூடினாலும் பிளக்கில் கரண்ட் இருப்பதால் போர்டுக்குச் சிறிது மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்கள். பேட்டரி செத்திருப்பதால் எல்லாம் மறந்துபோகிறது. தேதி பழைய வருஷத்துக்குப் போவதும், ஸ்காலர்ஷிப் தளம் 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று திறக்க மறுப்பதும் இதனால்தான். டிஸ்க் வரிசையும் பழையபடி மாறி, பூட் ஃபைல் இல்லாத எஸ்எஸ்டி முன்னால் வந்துவிடுகிறது. தம்பி பயாஸில் மாற்றுகிற அந்த 'எதையோ', ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப முதலில் வைப்பது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிற்கும் நாளுக்கு மறுநாளும் இதே திரை வந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பென்டிரைவ் காட்டிய எம்பிஆர் செய்தி. அது பழுதே அல்ல. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

முதலில் டேட்டா

மூன்றில் எதையும் தொடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுத்தாக வேண்டும். "டிக் டிக்" சத்தத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிக்கும் ஊசி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது அப்படிச் சத்தம் வரும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு மோசம். பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளுக்கு நேரே 'ரா வேல்யூஸ்' பத்தியில் சுழியைத் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க்கின் பரப்பு கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மஞ்சளோ சிவப்போ எதுவாக இருந்தாலும், காப்பி எடுத்து முடியும் வரை 'செக்டிஸ்க்' ஓட்டாதீர்கள், டிஃப்ராக் செய்யாதீர்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைப்பது மிச்ச உயிரையும் அதிலேயே செலவழிப்பது.

காப்பியை எஸ்எஸ்டியில் மட்டும் வைத்தால் போதாது. ஒரே பெட்டிக்குள் ஒரே பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஓர் இடியில் சேர்ந்து போகலாம். வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுங்கள். வரிசையும் முக்கியம், டிஸ்க் பாதியில் நின்றுவிட்டால் முதலில் எடுத்ததுதான் மிஞ்சும். இந்த ஆடிக்கு வேண்டிய நோட்டீஸ்கள், அடுத்து கல்யாணப் பத்திரிகைகள், பிறகு மற்றவை. ஏதாவது ஒரு ஃபைலில் நின்றுவிட்டால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு மேலே போங்கள். தம்பி ரோபோகாப்பி என்ற விண்டோஸ் கட்டளையைப் பயன்படுத்துவதாக இருந்தால் /ஆர்:1 /டபிள்யூ:1 என்பதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் படிக்க முடியாத ஒவ்வொரு ஃபைலுக்கும் அரை நிமிஷ இடைவெளியில் பத்து லட்சம் தடவை முயன்றுகொண்டே இருக்கும்.

டிடிபி கடைக்காரர்கள் பெரும்பாலும் மறப்பது ஃபான்ட். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பழைய சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து வையுங்கள். யூனிகோடு வருமுன் செய்த நோட்டீஸ்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால், இசக்கியம்மன் கோயில் வரிதாரர் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். ஃபைல் இருந்தும் பயனில்லை. பழைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் பழைய சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அனுமதி இல்லை என்று கேட்டால் 'கன்டினியூ' கொடுத்தால் திறக்கும்.

ஒருவேளை டிஸ்க் பயாஸிலேயே தெரியாத அளவுக்குப் போய்விட்டால் அதற்குமேல் ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள். கடையில் வைத்து மூடியைத் திறக்கவும் யாரையும் விடாதீர்கள். உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் தட்டு கீறிவிடும். டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

பேட்டரி

சிஆர் 2032 என்று கேளுங்கள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும், சில பத்து ரூபாய்தான். 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் அது தீர்ந்த பேட்டரி. மாற்றுவதற்கு முன், கணினி ஒழுங்காக ஓடுகிற ஒரு நாளில் பயாஸுக்குள் போய் சாட்டா மோடு, பூட் மோடு, டிஸ்க் வரிசை உள்ள பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் சிறு கொக்கியை அழுத்தினால் பேட்டரி எழும்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரி செய்து, படத்தில் உள்ளபடி எல்லாவற்றையும் வைத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

நோட்டீஸ் வேலை நெருக்குகிறது என்றால், டேட்டாவைக் காப்பி எடுத்துப் பேட்டரியையும் மாற்றிவிட்டு இந்த அளவில் நிறுத்திக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்கும் வரை கணினி தினமும் எழும். ஆனால் சத்தம் போடும் டிஸ்க்கை நம்பியே எஸ்எஸ்டி எழுகிறது என்பதை மறக்க வேண்டாம். அது நின்ற அன்று, நன்றாக இருக்கும் விண்டோஸும் எழாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கீழே உள்ளதையும் முடித்துவிடுவது நல்லது.

பூட் ஃபைலை எஸ்எஸ்டிக்குக் கொண்டுவருதல்

இதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. சரியாக வராவிட்டாலும் இப்போது இருக்கும் நிலைக்கே திரும்பிவிடலாம். வேறெந்த வழிக்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் அதுதான். பேஜ்மேக்கரும் பிரிண்டரும் ஏற்றியது ஏற்றியபடியே இருக்கும்.

1. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்க, விண்டோஸுக்குள் போய் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கவும். 240 ஜிபி எஸ்எஸ்டி 223 ஜிபி என்றும், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் 465 ஜிபி என்றும் காட்டும். எது எது என்பதை இந்த அளவை வைத்தே உறுதி செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியில் 'சிஸ்டம்' என்றும், எஸ்எஸ்டியின் சி-யில் 'பூட்' என்றும் எழுதியிருந்தால் நான் சொன்ன கோளாறுதான். விண்டோஸ் இங்கே 'சிஸ்டம்' என்று குறிப்பது பூட் ஃபைல் இருக்கும் இடத்தை, 'பூட்' என்று குறிப்பது விண்டோஸ் இருக்கும் இடத்தை. குழம்ப வேண்டாம்.

2. எஸ்எஸ்டியின் சி பகுதியில் ரைட் கிளிக் செய்து 'மார்க் பார்ட்டிஷன் ஆஸ் ஆக்டிவ்' கொடுக்கவும். ஹார்ட் டிஸ்க்கின் எந்தப் பகுதியிலும் இதைச் செய்யக் கூடாது. அந்த வரி மங்கலாக இருந்தால் ஏற்கெனவே ஆக்டிவ் ஆகத்தான் இருக்கிறது.

3. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடிக்கவும் (திரையில் ஆங்கில எழுத்தில்): பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ். பி, சி, டி என்ற மூன்று எழுத்தோடு 'பூட்' சேர்த்து ஒரே சொல். பூட் ஃபைல்கள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வரும். சில நொடி வேலைதான்.

4. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுக்கவும். விண்டோஸ் 10-ல் சாதாரணமாக மூடினால் அது பாதி தூக்கத்தில்தான் இருக்கும், ஷிஃப்ட்டோடு மூடினால்தான் முழுக்க மூடும். பிளக்கைப் பிடுங்கி, ஹார்ட் டிஸ்க்கின் பவர் கேபிள், டேட்டா கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்யவும்.

விண்டோஸ் வந்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய கறுப்புத் திரையே வந்தால் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி உள்ளே போய், விண்டோஸ் பென்டிரைவின் பூட் ஃபோல்டரில் இருக்கும் பூட்செக்ட் என்ற கருவியை இப்படி ஓட்டுங்கள்: பூட்செக்ட் /என்டி60 சி: /எம்பிஆர். எஸ்எஸ்டியின் முதல் செக்டாரில் இருக்க வேண்டிய பூட் கோடை அது எழுதிவிடும். பிறகு மறுபடி நான்காம் படி.

கடைசியாக ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டுப் பயாஸில் எஸ்எஸ்டியை முதலில் வைக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. உங்கள் போர்டின் காலத்துப் போர்டுகளில் பூட் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் வகையில் ஒரு பெயர்தான் தெரியும். எஸ்எஸ்டியைக் காணோமே என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். அதே பக்கத்தின் கீழே 'ஹார்ட் டிரைவ் பிபிஎஸ் பிரையாரிட்டீஸ்' என்று தனி மெனு இருக்கும். அதற்குள் போய் எஸ்எஸ்டியை மேலே கொண்டுவந்தால்தான் வெளி வரிசையில் அதன் பெயர் வரும்.

அந்த எம்பிஆர் செய்தியும் வீடியோ சொன்ன கிளீனும்

கணினி எழ இரண்டு முறை உண்டு. பழைய பயாஸ் முறை எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் போடும், புதிய யூஇஎஃப்ஐ முறை ஜிபிடி டிஸ்க்கில் போடும். ஹெச்81 போர்டுக்கு இரண்டுமே தெரியும். பென்டிரைவை மாட்டிப் பூட் மெனுவைத் திறந்தால் அதே பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரியும், ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். உங்கள் எஸ்எஸ்டி எம்பிஆர். யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனதால் செட்டப் மறுத்தது. அந்தச் சொல் இல்லாத வரியில் போயிருந்தால் செய்தியே வந்திருக்காது. ஜிபிடி டிஸ்க்கைப் பழைய முறையில் திறந்தால் இதே செய்தி தலைகீழாக வரும்.

'செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வர்ட் ஜிபிடி' என்று வீடியோ சொல்வது, ஒரே ஒரு காலி டிஸ்க் இருக்கும் கணினிக்குச் சரி. உங்கள் கணினியில் 0 என்பது எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்பது எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளீன் 'உறுதியா?' என்று கேட்பதில்லை. சி மட்டும் போகும், டி இருக்கும் என்று தம்பி நினைத்தால் அதுவும் தவறு. அந்த டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளின் கணக்கும் ஒரே நொடியில் போய்விடும். எப்போதாவது தவறி அடித்துவிட்டால், அந்த டிஸ்க்கில் அதன் பிறகு எதையும் எழுதாமல் கழற்றி வைத்துவிட வேண்டும். வெறும் கிளீன் என்றால் பார்ட்டிஷன் கணக்குத்தான் அழிந்திருக்கும், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியால் பெரும்பாலும் மீட்கலாம். 'கிளீன் ஆல்' அடித்திருந்தால் மீட்க வழியில்லை.

இரண்டு டிஸ்க்கையும் ஜிபிடி ஆக்க வேண்டியதும் இல்லை. விண்டோஸ் எழும் டிஸ்க்குக்கு மட்டுமே அந்த விதி. டேட்டா மட்டும் வைத்திருக்கும் டிஸ்க் எம்பிஆராக இருந்தாலும் புது முறை விண்டோஸ் தாராளமாகப் படிக்கும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் வாங்கினால்தான் எம்பிஆர் இடிக்கும்.

கட்டாயம் புதிதாகப் போட நேர்ந்தால்

பின்னாளில் எஸ்எஸ்டியை மாற்ற நேர்ந்தாலோ, வைரஸ் புகுந்தாலோ தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவைத் தயார் செய்து, பூட் மெனுவில் (போர்டைப் பொறுத்து எஃப்8, எஃப்11 அல்லது எஃப்12) யூஇஎஃப்ஐ வரியைத் தேர்ந்தெடுங்கள். எங்கே போடுவது என்று கேட்கும் திரையில் எஸ்எஸ்டியின் எல்லாப் பகுதிகளையும் 'டெலீட்' செய்து ஒரே காலி இடமாக்கி 'நெக்ஸ்ட்' கொடுங்கள். ஜிபிடி ஆக்குவது, பூட் பகுதி உண்டாக்குவது எல்லாவற்றையும் செட்டப்பே செய்துகொள்ளும், டிஸ்க்பார்ட் வேண்டாம். முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி பென்டிரைவிலிருந்தே எழுந்து முதலிலிருந்து தொடங்கும். கீ கேட்டால் 'இல்லை' என்று சொல்லி, முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் போர்டில் முன்பு முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் இன்டர்நெட் வந்ததும் தானே ஆகிவிடும்.

இதற்காகப் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையிலும் எழ விடும் அமைப்பு) அணைக்கத் தேவையில்லை. பழைய கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியில் அதை அணைத்தால் திரையே வராமல் போகலாம். பயாஸ் அப்டேட்டும் வேண்டாம். உங்கள் கோளாறு எதையும் அது தீர்க்காது, காற்றுக்காலத்தில் கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டினால் அப்போதுதான் உண்மையாகவே போர்டு போகும்.

விண்டோஸ் 11

எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களை, மிகச் சில தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் போடலாம், போட்டுத் தருபவர்களும் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அந்த வாய்ப்பு தெரிகிறதா என்று பாருங்கள். என் யோசனை, போர்டுக்கு என்று எடுத்து வைத்த 6,500-ஐ எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய ஆஃபீஸ் கணினி ஒன்றுக்கு முன்பணமாகச் சேர்த்து வையுங்கள். ஆதார், பிஎஃப், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பேங்க் எல்லாம் அதற்குப் போகட்டும். இது இன்டர்நெட் இல்லாமல் பேஜ்மேக்கருக்கு மட்டும் இன்னும் சில வருஷம் உழைக்கும். எதிலும் ஆக்டிவேட்டர் போட்ட திருட்டு விண்டோஸ் மட்டும் வேண்டாம். உள்ளே வேறென்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

கடையில் கொடுக்கும் நிலை வந்தால்

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுச் சிபியுவை மட்டும் கொடுங்கள். போர்டைச் சோதிக்க ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. உங்கள் டிஸ்க்கில் நோட்டீஸ்கள் மட்டும் இல்லை. பீடி சுற்றும் அம்மாக்கள் பிஎஃப் வேலைக்கும் பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்புக்கும் என்று உங்களை நம்பி ஸ்கேன் செய்யக் கொடுத்த ஆதாரும் பேங்க் புத்தகமும் இருக்கின்றன. அவர்களுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும். போர்டு போயிற்று என்று எந்தச் சோதனையில் கண்டார்கள் என்று கேளுங்கள், மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், மாற்றினால் பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

எல்லாம் முடிந்தபின் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க வேண்டியது. மஞ்சள் காட்டினால் அதில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். காப்பி சரியாக இருக்கிறதா என்று பத்துப் பதினைந்து பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள். பழைய சாமான் கடைக்குப் போடுவதாக இருந்தால் 'குயிக் ஃபார்மட்' போதாது, ஃபைல்கள் அப்படியே உள்ளே இருக்கும். 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் பரப்பு முழுக்கச் சுழி எழுதி அழிக்கும், சில மணி நேரம் ஆகும். டிஸ்க் அதற்கும் ஒத்துழைக்காத நிலைக்குப் போயிருந்தால், டிரில்லரால் தட்டு வரை இறங்கும்படி மூன்று நான்கு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.